உத்திரமேரூரில் என் வலது காது

விமானம் இறங்கத் தொடங்கியதும் என் வலது காது அடைத்துக்கொண்டது. பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மிட்டாயை நீட்டி, "இத வாயில போட்டுச் சப்புங்க, தொறந்துக்கும்" என்றார். முன்பின் தெரியாதவர் கொடுக்கும் மிட்டாயை நான் வாங்குவதில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தேன். ஏற்கெனவே சளி பிடித்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சக்கரம் தரையைத் தொட்டபோது இடது காதில் எல்லோரும் பெட்டிகளை இறக்கும் சத்தம் கேட்டது. வலது காதில் கிணற்றுக்குள் யாரோ முனகுவதுபோல் இருந்தது.

கிள்ளானில் நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில், அதாவது இன்சூரன்ஸ் அலுவலகத்தில், வேலை செய்கிறேன். மருத்துவச் செலவைக் கேட்டு வரும் மனுக்களைப் படித்து, எது உண்மை, எது கதை என்று பிரிப்பது என் வேலை. வருடக்கணக்காக இதையே செய்தால் புத்தி வேறு எப்படி இருக்கும்? சந்தையில் மீன்காரர், "இன்னிக்குப் பிடிச்சது" என்றால் மீனின் கண்ணைப் பார்ப்பேன், பிறகு மீன்காரரின் கண்ணைப் பார்ப்பேன்.

அப்படிப்பட்டவளைத்தான் தம்பி குணா பெண் பார்க்க அனுப்பினான். அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான். பினாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாக இருக்கிறான். தமிழ்நாட்டிலிருந்து அங்கே பயிற்சிக்கு வந்த கௌசல்யா என்ற பெண்ணை அவனுக்குப் பிடித்துவிட்டது. அவள் பயிற்சி முடிந்து ஊர் திரும்பிவிட்டாள். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கக்கா. நீங்க சரின்னா சரி" என்றான்.

உத்திரமேரூர் போன பேருந்தில் எனக்குக் கிடைத்த சன்னலின் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது, மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. காற்று நேராகக் காதுக்குள் அடித்தது. நடத்துநரிடம் சொன்னேன். "அது அப்டித்தாம்மா கீது. காத்து வருதேன்னு சந்தோஷப்படு" என்றார். எங்கள் ஊர்ப் பேருந்துகளில் குளிர் நடுக்கும், சன்னலே திறக்காது. இங்கே சன்னல் மூடாது. சேலைத் தலைப்பை எடுத்துக் காதை மூடிக்கொண்டேன். இருபுறமும் நெல் வயல், நடுவில் ஏரிக்கரை, மறுபடியும் வயல். நிறுத்தம் வருவதற்குள் காதில் யாரோ மெல்லிய கம்பியை விட்டு விட்டு எடுப்பதுபோல் குத்தல் ஆரம்பித்திருந்தது.

பேருந்து நிலையத்தில் கௌசல்யாவும் அவள் அப்பா ஏகாம்பரமும் காத்திருந்தார்கள். அவர் மெலிந்த, அதிகம் பேசாத விவசாயி. பெண் படத்தில் பார்த்ததைவிடக் கறுப்பு, படத்தில் பார்த்ததைவிட அழகு. வணக்கம் சொன்னாள். நடக்கத் தொடங்கியதும் என்னைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தாள். சாலையைக் கடந்தபோது வரிசை மாறியது. மறுபடியும் சுற்றி இடது பக்கம் வந்தாள். என் கைப்பை தொங்குவது இடது தோளில். அதைக் கழற்றி வலது தோளில் மாட்டிக்கொண்டேன். அவள் இடது பக்கமே நின்றாள். சரி, பைக்காக இல்லை. பிறகு எதற்காக?

அவர்கள் வீடு ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தில், வயலை ஒட்டி இருந்தது. கௌசல்யாவின் அம்மா தனலட்சுமி என் வயதொத்தவர். களியும் கருவாட்டுக் குழம்பும் பரிமாறினார். கேழ்வரகுக் களி வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கியது. ஆனால் கருவாட்டை மென்றதும் தாடையிலிருந்து காதுக்கு வலி பாய்ந்தது. மெல்வதை நிறுத்திவிட்டு அப்படியே விழுங்கினேன்.

"இன்னாம்மா, மெல்லாம முயுங்குறீங்க? கொயம்பு காரமா கீதா?" என்றார் தனலட்சுமி.

"இல்ல, நல்லா இருக்கு."

பெண் பார்க்கப் போன இடத்தில் நம் பலவீனத்தைக் காட்டக் கூடாது என்பது என் எண்ணம். சாப்பிட்டதும் பின்பக்கம் போய், கொண்டை ஊசியின் வளைந்த முனையைக் காதுக்குள் விட்டுக் குடைந்தேன். ஒரு நொடி சுகமாக இருந்தது. அடுத்த நொடி கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் தலையணையிலிருந்து முகத்தை எடுக்க முடியவில்லை. இனி மறைப்பதற்கில்லை. தனலட்சுமி இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்து, "எந்திரிச்சு நாஷ்டா துன்னுங்கம்மா" என்று எழுப்பியபோது, காது வலி என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அனுதாபம் வருமென்று எதிர்பார்த்தேன். அவர் பயந்துபோனார். கதவருகே நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பொய் மனு போட்டவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அவர் மனைவி அவரைப் பார்ப்பாரே, அதே பார்வை.

செய்தி எப்படித்தான் பரவியதோ, சிறிது நேரத்தில் பக்கத்து வீட்டு ராணி ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சியது. புகை இன்னும் எழுந்துகொண்டிருந்தது. "தலைய சாச்சுக்கம்மா. ரெண்டு சொட்டு. பேஜாரே இல்ல, சட்டுனு வுட்டுடும்" என்று என் தோளைப் பிடித்தார். வலியின் வேகத்தில் நானும் தலையைச் சாய்த்துவிட்டேன்.

"ஊத்தாத!"

அடுப்படியிலிருந்து தனலட்சுமி ஓடி வந்த வேகத்தில் கிண்ணம் தட்டுப்பட்டு எண்ணெய் தரையில் கொட்டியது. ராணி அதிர்ந்துபோய் நின்றார். "இன்னாக்கா, வெசமா கொண்டாந்தேன்?"

"வெசமோ மருந்தோ, எங்க வூட்டுல யாரு காதுலயும் எதுவும் ஊத்தக் கூடாது." தனலட்சுமி காலிக் கிண்ணத்தை எடுத்து ராணியிடம் நீட்டினார். ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

தரையில் கிடந்த பூண்டுப் பற்களையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு சொட்டு எண்ணெய்க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? இரு வீட்டுக்கும் ஏதாவது பகையா? ராணிக்கு இந்தக் குடும்பத்தைப் பற்றி ஏதாவது தெரிந்து, அவரை என்னிடம் நெருங்கவிடாமல் செய்கிறார்களா?

பிறகு தனலட்சுமி தோசைக்கல்லில் ஒரு பருத்தித் துணியைச் சூடாக்கி, முதலில் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, என் காதுக்கு வெளியே ஒத்தினார். துணி ஆறினால் மறுபடியும் சூடு, மறுபடியும் தன் கன்னம், மறுபடியும் என் காது. வலி போகவில்லை, ஆனால் பல்லைக் கடிக்காமல் இருக்க முடிந்தது. சலிக்காமல் செய்தார். அது எனக்கு இதமாக இருந்தது. இத்தனை கவனிப்பு எதற்கு என்றும் தோன்றியது.

ஏகாம்பரம் மருந்துக்கடையிலிருந்து ஒரு சொட்டு மருந்துப் புட்டியும் வலி மாத்திரையும் வாங்கி வந்தார். கௌசல்யா புட்டியை வாங்கிப் படித்துவிட்டு ஓரமாக வைத்தாள்.

"மாத்திரய மட்டும் போடுங்கக்கா. சொட்டு வேணாம். உள்ள சவ்வுல ஓட்ட இருந்தா இது கெடுத்துடும். டாக்டர் லைட் அடிச்சுப் பாக்காம எதுவும் உட்டுக்கக் கூடாது."

எங்கள் அலுவலகத்துக்கு மருத்துவ ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். அவர் பேசுவதுபோலவே பேசினாள். தொழிற்சாலையில் சர்க்யூட் பலகை சரிபார்க்கிற பெண்ணுக்குக் காதைப் பற்றி இத்தனை தெரிவானேன்?

மாத்திரை வேலை செய்ததும் காதில் கொஞ்சம் பஞ்சை வைத்துக்கொண்டு விசாரணைக்குக் கிளம்பினேன். தெருமுனையில் ஒரு தேநீர்க் கடை. எங்கள் ஊரில் தே என்றால் பெரிய குவளை, இங்கே இரண்டு மடக்கில் தீர்ந்துவிடுகிறது. கடைக்காரர் என் காதுப் பஞ்சைப் பார்த்துவிட்டு, "பீடிப் பொகைய உள்ள ஊதுனா நின்னுடும்மா, நானே ஊதட்டா?" என்றார். அவசரமாக மறுத்துவிட்டு, ஏகாம்பரத்தின் மகளைப் பற்றிக் கேட்டேன்.

"தங்கமான பொண்ணும்மா. அவ்ளோ அடக்கம். பின்னால நின்னு நாம கூப்ட்டாகூடத் திரும்பிப் பாக்காது. நம்ம பாட்டுக்குக் கத்திக்கினே கெடக்கணும்."

பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது பாராட்டாகப் படவில்லை. அறிந்தவர் கூப்பிட்டும் திரும்பாத பெண்ணுக்குத் திமிர் இருக்க வேண்டும், இல்லையென்றால் மனம் வேறெங்கோ இருக்க வேண்டும். யாரிடம்?

திரும்பி வந்தபோது வீட்டின் பின்புறம் பேச்சுக் குரல். கிணற்றடிச் சுவரோரமாக நின்று நல்ல காதைத் திருப்பினேன். ஒட்டுக்கேட்பது தவறுதான், ஆனால் என் தம்பியின் வாழ்க்கை.

"...காஞ்சிபுரம் போனா எல்லாம் வெளிய வந்துடும்" என்றது தனலட்சுமியின் குரல். "செங்கல்பட்டுக்கு இட்டுக்கினு போ."

"அம்மாந்தூரம் எப்டி வருவாங்க? வலில துடிக்கிறாங்க" என்றார் ஏகாம்பரம்.

"தம்பி இன்னா சொன்னாரு? கண்ணாலம் முடியிற வரைக்கும்..." அதற்குள் ஒரு மாடு கத்தியது. மீதி எனக்குக் கேட்கவில்லை.

தம்பி. யாருடைய தம்பி? ஏகாம்பரத்தின் தம்பியா? காஞ்சிபுரத்தில் என்ன வெளியே வரும்? பெண்ணுக்கு அங்கே முன்பே ஒரு கல்யாணம் ஆகியிருக்கிறதா? அன்று முழுவதும் வலியும் இந்தக் கேள்விகளும் மாறி மாறிக் குத்தின. கேழ்வரகு அடையை முருங்கைக்கீரையோடு சுட்டு வைத்தார்கள். அதன் வாசனையை மட்டும் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் காலை காதிலிருந்து கழுத்துவரை வலித்தது. செங்கல்பட்டா காஞ்சிபுரமா என்று அப்பாவும் அம்மாவும் கண்ணால் பேசிக்கொண்டிருந்தபோது, கௌசல்யா துப்பட்டாவைச் சரிசெய்தபடி வந்து நின்றாள்.

"நைனா, நான் காஞ்சிபுரத்துக்கே கூட்டிக்கினு போறேன். நம்ம டாக்டர்கிட்ட."

"வேணாம்டி" என்றார் தனலட்சுமி.

"வலிக்குதும்மா அவங்களுக்கு" என்றாள் மகள். ஏகாம்பரம் பேருந்துக்குக் காசு எடுத்துக் கொடுத்தார்.

பேருந்தில் இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் எனக்கு சன்னலைக் கொடுத்தாள். தனியாகக் கிடைத்தாள் என்று கேட்க ஆரம்பித்தேன். காஞ்சிபுரத்தில் அவளுக்குத் தெரிந்தவர்கள் யார்? பதில் இல்லை. உன் சித்தப்பா என்ன செய்கிறார்? எதிரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் தம்பிக்கு முன்பு உனக்கு வேறு யாராவது பேசி வைத்திருந்தார்களா என்று நேராகவே கேட்டேன். அசையவில்லை. கல் நெஞ்சு என்று முடிவுகட்டினேன். அவள் ஏதாவது முணுமுணுத்திருந்தாலும் என் வலது காதில் விழுந்திருக்காது.

பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் பேருந்து இருமி நின்றது. ஓட்டுநர் இறங்கி, முன்பக்கத்தைத் திறந்து பார்த்து, மூடினார். "எல்லாம் எறங்குங்க. பின்னால வர்ற வண்டில ஏத்தி வுடுறேன்." பின்னால் எந்த வண்டியும் வரவில்லை. அடுத்த ஊரான ஓரிக்கைவரை வெயிலில் நடந்தோம். நடக்கும்போது அவள் மறுபடியும் என் இடது பக்கம் வந்தாள். அப்போது மட்டும் நான் கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. சித்தப்பா என்று தனக்கு யாருமே இல்லை என்றாள். நான் இன்னும் குழம்பினேன். ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேரோடு நெருக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுத் தெருவில் இறங்கினோம்.

காது மூக்கு தொண்டை மருத்துவரின் சிறிய மருத்துவமனை அது. கதவைத் திறந்ததும் அங்கிருந்த வயதான நர்ஸ் முகமெல்லாம் சிரித்தார்.

"வா கௌசல்யா! எப்போ வந்த வெளிநாட்டுலேந்து? அந்தக் காது மறுபடி ஏதாவது தொந்தரவு குடுக்குதா?"

கௌசல்யா நர்ஸுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். கண் தாழவில்லை. "இவங்களுக்குத்தான் சிஸ்டர்" என்றாள்.

டாக்டர் சின்ன விளக்கை வைத்துப் பார்த்தார். சளியால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிச் சிவந்திருக்கிறது என்றார். "உள்ள ஒரு கீறலும் இருக்கே. என்ன விட்டுக் குடைஞ்சீங்க?"

"ஒண்ணும் விடலையே."

"கொண்டை ஊசியா, தீக்குச்சியா?"

என்னை அப்படி விசாரிக்கும் ஒருவரை முதல்முறையாகச் சந்தித்தேன். ஊசி என்று ஒப்புக்கொண்டேன். மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். தண்ணீர் படக் கூடாது, எதையும் விடக் கூடாது, காது நன்றாகத் திறக்கும்வரை விமானப் பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா பாருங்கள் என்றார். "எண்ணெய் ஊத்தலையே? நல்ல காலம்" என்று சொன்னபோது, அவர் பார்வை ஒரு கணம் கௌசல்யாவிடம் போய்த் திரும்பியது. அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே மர நிழலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். கௌசல்யா என் இடப்பக்கம் இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

"எனக்கு இடது காது கேக்காதுக்கா. சுத்தமா."

நான் மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"சின்னப் புள்ளையா இருக்கும்போது காது வலி. சீழ் வந்துக்கினு இருந்துச்சு. அம்மாதான் எண்ணெ காய்ச்சி ஊத்துனாங்க. சூடு தெரியல அவங்களுக்கு. அப்றம் ஆபரேசன்லாம் பண்ணி சவ்வ ஒட்டவச்சாரு இந்த டாக்டரு. கேக்குறது மட்டும் வரல. மத்தபடி ஒண்ணுமில்ல. அம்மாவுக்குத்தான்... இன்னிக்கும் என் எடது பக்கமா வந்து பேச மாட்டாங்க."

கிண்ணத்தைத் தட்டிவிட்ட கை நினைவுக்கு வந்தது. அந்தக் கூச்சலால் தன் வீட்டு ரகசியத்துக்கே ஆபத்து என்று தனலட்சுமிக்குத் தெரியாதா? தெரிந்துதான் கத்தினார். மகளின் கல்யாணத்தைவிட, நேற்று வந்த ஒரு சந்தேகப் பிராணியின் காது அவருக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது. ஆனால் வேலைப் பழக்கம் விடவில்லை.

"இத மறைச்சுக் கல்யாணம் பண்ணலாம்னு யார் சொன்னது?"

அவள் தயங்கினாள். "அவர கேளுங்கக்கா. நான் சொன்னா நல்லா இருக்காது."

பினாங்குக்குப் போன் போட்டு, நல்ல காதில் வைத்துக்கொண்டேன். குணா எடுத்ததும், "அந்தப் பிள்ளைக்கு ஒரு காது கேக்காதாமே" என்றேன்.

"சொல்லிட்டாளா? நான்தான் வேணாம்னேன்" என்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"பழகின புதுசுலயே சொல்லிட்டாக்கா. அவங்க வீட்டுல உங்ககிட்ட முதல்லயே சொல்லிடணும்னுதான் சொன்னாங்க. நான்தான் கல்யாணம் முடியட்டும்னேன். உங்ககிட்ட ஒண்ணு சொன்னா பத்து கேப்பீங்க. டாக்டர் கடிதம் கேப்பீங்க. அவள உக்காரவச்சு மனு மாதிரி படிப்பீங்க. அவ பாவம்கா."

அந்தத் "தம்பி" யாருடைய தம்பி என்று இப்போது புரிந்தது. என் தம்பிதான். கிள்ளானிலிருந்து கடல் தாண்டி ஒரு குடும்பத்தின் பொய்யைக் கண்டுபிடிக்க வந்தேன். கண்டுபிடித்தேன். அது எங்கள் வீட்டுப் பொய். இவர்கள் மனமில்லாமல் அதைக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவன் சொன்னதையும் மீறி, என் வலியைப் பார்த்து, இந்தப் பெண் என்னை இந்த வாசலுக்குக் கூட்டி வந்திருக்கிறாள். கோபம் வந்தது. அதைவிட, அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பது உறுத்தியது. போனை வைத்தேன்.

திரும்பும்போது பேருந்தில், "நீ சன்னல் பக்கம் போ" என்றேன். அவள் புரிந்துகொண்டு சிரித்தாள். அவளுடைய நல்ல காதும் என் நல்ல காதும் பக்கம் பக்கமாக அமைந்தன. பினாங்கில் தம்பி அவளுக்குச் சமைத்துக் கொடுத்த கெட்டுப்போன மீன் குழம்பிலிருந்து, அவள் அங்கே வழி தவறி மலைக்கோயில் படியில் உட்கார்ந்து அழுததுவரை, ஊர் வரும்வரை பேசிக்கொண்டே வந்தோம். இந்தக் கதைகள் எதையும் அவன் என்னிடம் சொன்னதில்லை.

வீட்டில் தனலட்சுமி வாசலிலேயே நின்றிருந்தார். ஏகாம்பரம் துண்டை இடுப்பில் கட்டியபடி கொஞ்சம் தள்ளி நின்றார். மகளின் முகத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் பண்ண பாவம்மா அது. அவமேல ஒரு தப்பும் இல்ல. கோவம்னா என்னைய ரெண்டு வார்த்த கேட்டுடுங்க."

அவர் கையைப் பிடித்தேன். கல்லில் துணி சூடாக்கியதில் விரல் நுனிகள் கன்றியிருந்தன.

"பொண்ண எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றேன். "ஆனா எங்க பையனத்தான் நீங்க கொஞ்சம் நல்லா விசாரிச்சுக்குங்க. அவன் பேச்ச அப்படியே நம்பாதீங்க."

தனலட்சுமி அழுகையை நிறுத்தினார். மூக்கைத் துடைத்தார். என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவர் கண் மெல்லச் சுருங்கியது.

"ஏம்மா," என்றார் குரலைத் தாழ்த்தி, "இன்னா கீது அவருகிட்ட?"